டவுனா, ஜங்ஷனா?

அன்று டீக்கடையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

சேரன்மாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். போன ஆடியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அக்னிவீராகத் தேர்வாகி ட்ரெயினிங்குக்குக் கிளம்பினான். ராத்திரி ரயில். சாயங்காலம் அவனை டீக்கடை பெஞ்சில் நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டி இல்லாமல் முதுகுப்பையோடு ஒருவன் பட்டாளத்துக்குப் போவதை எங்கள் ஊர்ப் பெரிய பட்டாளத்தாரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. “நாலு வருசமாம்லா! எங்க காலத்துல பூட்ஸ் காலுக்குப் பழகவே நாலு வருசமாவும்” என்றார். அவர் மதராஸ் ரெஜிமென்ட். 1971 டிசம்பரில் ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றைத் தாண்டியவர். கரும்புக்காடு, கண்ணிவெடி புதைத்த வயல், எலும்பைக் கவ்வும் ஆற்றுத் தண்ணீர், 17ஆம் தேதி சண்டை நின்றதும் காது அடைத்துப்போன மாதிரி வந்த அமைதி என்று வரிசை மாறாமல் சொல்லுவார். கடைசியில் “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று பெஞ்சில் ஓங்கி ஒரு தட்டு. வடைத் தட்டு குதிக்கும். ஆகஸ்ட் 15க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருப்போம். ஆனாலும் அந்தத் தட்டு வரும் இடத்துக்காகக் காத்திருப்போம்.

பெஞ்சின் ஓரத்தில் சித்தப்பா இருந்தார். அப்பாவுக்குச் சித்தி மகன். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான், ஹவில்தாராக வெளியே வந்தவர். ஆனால் அவரைப் பட்டாளத்தார் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கேன்டீன் சரக்கு வேண்டுமென்றால் மட்டும் ஞாபகம் வரும். கிளம்புகிற பையன் மரியாதைக்கு அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டான்: “நீங்க எங்க சண்டை போட்டீங்க தாத்தா?”

“திருநெல்வேலியில” என்றார் சித்தப்பா.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: “டவுன்லயா, ஜங்ஷன்லயா?” கடையே சிரித்தது. “அல்வா க்யூவுல நடந்த சண்டையா இருக்கும்” என்று இன்னொருத்தன். நானும் சிரித்தேன். சித்தப்பாவும் சிரித்தார். டீக்காசை எண்ணி வைத்துவிட்டு, பையன் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தின்னவேலி

ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு திருநெல்வேலி உண்டு. இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அதுதான் வெட்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பதே அங்கேதான். அங்குள்ளவர்கள் வாயில் அது தின்னவேலி. (வெள்ளைக்காரன் நம் ஊரை டின்னவெல்லி ஆக்கினான். இரண்டு பேர் நாக்கும் ஒரே இடத்தில் எப்படித்தான் வழுக்கியதோ.) 1983 ஜூலை 23 இரவு 13 சிங்கள ராணுவத்தினர் கொல்லப்பட்டதும், அதைச் சாக்காக வைத்துக் கொழும்பு பற்றி எரிந்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்த 13 பேர் செத்தது அந்தத் திருநெல்வேலியில். 1987 அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் போய் இறங்கிய இந்திய ராணுவத்தின் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்ததும் அதே ஊரில்தான். இதையெல்லாம் படித்திருக்கிறேன். நண்பர்களோடு விடிய விடியப் பேசித் தீர்த்திருக்கிறேன். இருந்தும் எங்கள் ஊர் டீக்கடையில், எனக்கு ரத்த உறவான ஒரு மனுஷன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தபோது எனக்கு ஜங்ஷன்தான் ஞாபகம் வந்தது.

1987இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படை (ஐ.பி.கே.எஃப்) பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இதை எழுதி முடித்த பிறகும் அது மாறாது என்றே நினைக்கிறேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்ற படை அது. இந்தியப் பக்கம் செத்தவர்கள் 1,100 பேருக்கு மேல். எதற்காக என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. திண்ணையில் பேப்பரை வைத்துக்கொண்டு, “போகாததுதான் சரி” என்று அப்பா சத்தமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. துறைமுகத்துக்கு வந்தவர்களில் அப்பாவின் தம்பி ஒருவரும் இருந்தார். அது அப்பாவுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தெரியாமல் போனதற்குக் காரணம் சித்தப்பா சொன்ன பொய். இதை எனக்கு அவரே சொன்னார், நவம்பரில்.

கைரேகை

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு மகன் துபாயில். அதனால் வருடா வருடம் என் பைக்கில்தான் சேரன்மாதேவிக்குப் போவார். ஒரு சின்ன சேவை மையம், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். கைரேகை வைக்கும் கருவி சித்தப்பாவின் பெருவிரலை ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை, எதையும் ஏற்கவில்லை. வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து ரேகையெல்லாம் தேய்ந்திருந்தது. “கையை நல்லாக் கழுவிட்டு, கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு வாங்க தாத்தா. சர்வரும் சுத்திக்கிட்டேதான் இருக்கு” என்றாள் அந்தப் பெண். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான்கு மாதமாகத் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

“சித்தப்பா, அன்னைக்கு டீக்கடையில நீங்க சொன்னது தின்னவேலியையா?”

சடக்கென்று திரும்பினார். “ஒனக்கு எப்படிடே அந்தப் பேரு தெரியும்?” அப்புறம் அவரே மெதுவாக, அவர்கள் சொல்கிற மாதிரியே, தின்னவேலி, தின்னவேலி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக அந்த உச்சரிப்பை இன்னொருத்தர் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

1981இல் பாளையங்கோட்டையில் நடந்த ஆள் எடுப்பில் தேறியவர். மார்பளவு பத்தவில்லை என்று தள்ளிவிட்டார்களாம். மறுபடி வரிசையில் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேறினாராம். ஜபல்பூரில் சிக்னல்ஸ் ட்ரெயினிங். மோர்ஸ் தந்தியைத் தாளமாகத்தான் மனப்பாடம் செய்தாராம். “நம்ம கோயில் கொட்டு கேட்டு வளந்த காதுலா, வடக்கத்திக்காரனுக்கு முந்தி எனக்கு வந்திட்டு” என்றார். 1987 கடைசியில் ஒரு வட இந்தியப் பட்டாலியனோடு ஒட்டி அனுப்பப்பட்டார். பலாலியில் விமானம் இறங்கியது. அவர் விமானம் ஏறியதே அதுதான் முதல் தடவை. “கதவத் தொறந்தா செம்மண்ணு, பனமரம், கிடுகு வேலி. நம்மள உடங்குடியில எறக்கி விட்டுட்டானோன்னு நெனச்சேன்டே.”

அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். முதுகில் வயர்லெஸ் செட். வேலை சிக்னல்மேன் வேலை. ஆனால் ரோந்து போகும்போது வீட்டுக் கதவைத் தட்டினால் ஆபீசருக்கு முன்னால் அவரைத் தள்ளுவார்கள். விடியுமுன் ரோடு ஓப்பனிங், ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடை, ஒவ்வொரு மதகையும் குனிந்து பார்ப்பது, வயர் எங்கேயாவது புதர் வழியாக ஓடுகிறதா என்று தேடுவது. பையில் சக்கர்பாராவும் பூரியும். செட்டின் ஏரியல் தலைக்கு மேலே ஆடும். “ஏரியல் வச்சவனத்தான் மொதல்ல சுடுவான். நாங்க அத மடக்கிக் கட்டிருவோம். மடக்குனா செட்டு எடுக்காது. எடுக்கலைன்னா சாப் ஏசுவார்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எதிரில் இருந்த புலிப் பையன்கள் கையில் இருந்த வாக்கி டாக்கி தன் முதுகில் இருந்ததைவிடச் சின்னது, நல்லது என்பதில் அவருக்கு இன்றைக்கும் ஆதங்கம் இருக்கிறது. தொழில்காரருக்கே உரிய ஆதங்கம்.

ராத்திரியில் அந்தப் பையன்கள் பேசுவதைக் கேட்டு எழுதுகிற வேலையும் அவருக்குத்தான் வந்தது. ஒரு ராத்திரி ஒரு பையன் விடாமல் இருமிக்கொண்டே பேசுகிறான். அந்தப் பக்கத்தில் இருப்பவன், கொத்தமல்லி அவித்துக் குடி என்கிறான். சித்தப்பா அதையும் எழுதிக் கொடுத்தார். கொத்தமல்லி என்றால் என்ன ஆயுதம் என்று ஆபீசர் கேட்டார். சளிக்குக் குடிக்கிற கசாயம் சாப் என்றார் இவர். ஆபீசர் நம்பவில்லை. சங்கேத வார்த்தை என்று சிவப்பு மையில் கோடு போட்டு மேலே அனுப்பிவிட்டார். “எங்க அம்மையும் எனக்கு அதான் அவிச்சுத் தருவா. அத எந்த இந்தியில போயி சொல்லுவேன்?”

அவர் சொன்னதில் என்னை ராத்திரி எழுப்பிவிடுகிற வரி வேறு. வீடு வீடாகச் சோதனை போனதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு வீட்டிலிருந்து சொதி வாசம் வந்ததைச் சொன்னார். நமக்குக் கல்யாண மறுவீட்டில்தான் சொதி, அவர்களுக்கு அது அன்றாடம். அடுப்பில் சொதி கொதிக்க, வாசலில் நின்று இவர் “எல்லாரும் வெளிய வாங்க” என்று கத்தியிருக்கிறார். “மத்தவன் இந்தியில கத்துனா அவங்களுக்குப் புரியாது. பயம் பாதிதான் இருக்கும். நான் கத்துனா முழுசும் புரியும்லாடே.”

ஆஸ்பத்திரியைப் பற்றி நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “நான் அப்பம் வந்தே சேரல” என்றார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பத்து நிமிஷம் கழித்து, நான் எதுவும் கேட்காதபோதே, “நான் அப்பம் வரலடே” என்றார் மறுபடி.

ஆரின்ர பெடியன்

அந்தத் திருநெல்வேலியில் ஒரு செக்போஸ்ட். சந்தைக்குப் போகிறவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், எல்லாரையும் இறக்கிப் பையைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தின் பேரைப் பார்த்த நாளிலிருந்து ஆபீசருக்கு அது ஒரு விளையாட்டு. “உன் ஊர் வந்தாச்சு, லீவு எடுத்துக்கோ” என்பாராம். ஒரு காலையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆச்சி துணிப்பையோடு வந்தார். சிப்பாய் பையைத் திறந்தால் பழுப்பு வெள்ளையில் ஒரு மாவு. வெடிமருந்தோ என்று அவனுக்குச் சந்தேகம். ஆச்சியைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டான். இவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். லேசான கசப்பு. பனங்கிழங்கு. காயவைத்து இடித்தது. “ஒண்ணுமில்ல, கிழங்கு மாவு” என்று இந்தியில் சொல்லிவிட்டு, பையைக் கட்டி ஆச்சியிடம் கொடுத்தார்.

ஆச்சிக்கு ஆச்சரியம். “தம்பிக்கு ஒடியல் மா தெரியுமோ?”

“எங்க ஊர்ல கெழங்காவே அவிச்சுத் திம்போம் ஆச்சி.”

ஆச்சி என்று இவர் சொன்னதும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாராம். நாமும் பாட்டியை ஆச்சி என்போம், அவர்களும் ஆச்சி என்பார்கள். இது இவருக்கு வந்தது பழக்கத்தில். அந்த அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டதோ. “எந்த ஊர் தம்பி? சொல்லுங்கோ.”

“திருநெல்வேலி.”

“தின்னவேலியோ!” ஆச்சியின் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. “ஆரின்ர பெடியன்?”

இதைச் சொல்லும்போது சித்தப்பா நிறுத்திவிட்டார். யார் வீட்டுப் பையன் என்று கேட்காத கிழவி நம் ஊரிலும் கிடையாது. டவுனிலிருந்து புதிதாக யார் தெருவில் நுழைந்தாலும் அதுதான் முதல் கேள்வி. இவர் தன் அப்பா பேரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாராம். அதற்குள் தான் யூனிஃபார்மில் நிற்பது ஞாபகம் வந்திருக்கிறது. “இந்தத் திருநெல்வேலி இல்ல ஆச்சி. அங்க, தமிழ்நாட்டுல” என்றார்.

ஆச்சி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். “அப்ப நீ என்னத்துக்கு இஞ்ச நிக்கிறாய்?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்டே” என்றார் சித்தப்பா. “மொதல்ல சொல்லுங்கோன்னா. அப்புறம் நீன்னா. ஒரே மூச்சுல மாத்திட்டா. அந்த நீ, நம்ம புள்ளையாச்சேங்கிற உரிமையில சொன்னதா, இல்ல சீ போன்னு சொன்னதா? நீ எழுதுதவன்லா, சொல்லு.”

என்னால் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்திலும் பெற்ற பிள்ளைக்கும் நீதான், பிடிபட்ட திருடனுக்கும் நீதான். யாழ்ப்பாணத் தமிழில் நடுவாந்தரமாக நீர் என்று ஒன்று உண்டு. ஆச்சி அதையும் தொடாமல் நேரே நீக்கு வந்துவிட்டார் என்பது வரை கவனித்தேன். அதற்கு மேல் என் படிப்பு போகவில்லை. பிறகு ஒருநாள், கனடாவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பரிடம் போனில் கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, ஆச்சி சொல்லும்போது தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டார். சித்தப்பாவிடம் அதைப் போய்க் கேட்டேன். அது ஞாபகம் இல்லாததில் அவருக்கு இரண்டு நாள் வருத்தம். கேட்டிருக்கக் கூடாதோ என்று ஆகிவிட்டது.

கப்பலில் சென்னைக்கு வந்து, எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்திருக்கிறார். எதிர் சீட்டில் ஒரு குடும்பம். பெட்டியையும் முடிவெட்டையும் பார்த்து அந்த ஆள், “ஐ.பி.கே.எஃப்பா?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியின் தொனி சரியில்லை. “இல்ல, காஷ்மீர்” என்றார் சித்தப்பா. உடனே அந்த அம்மா இரண்டு இட்லி எடுத்து வைத்தாராம். ஊரில் இறங்கியபோதும் அதே பதில்தான் வாயில் இருந்தது. அவர் அனுப்பிய கடிதங்களில் ராணுவத் தபால் நிலைய (ஏ.பி.ஓ.) எண் மட்டும்தான் இருந்தது, ஊர்ப்பேர் இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறு வருடம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை நடந்தது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை எடுப்பது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆபத்தாகப் போய்விட்டது. பிறகு நிஜமாகவே இரண்டு வருடம் காஷ்மீரில் போட்டார்கள். பொய்க்கு ஒரு முட்டு கிடைத்தது.

பெரிய பட்டாளத்தார் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. அந்த ஆற்றைத் தாண்டுவது லேசான காரியமா? ஆனால் அவருக்கு எதிரில் நின்றவன் வேறு பாஷை பேசினான். இருமினால்கூட அவருக்கு அது இருமல் மட்டும்தான். பெஞ்சைத் தட்டிக் கதையை முடிக்க அது வசதி. சித்தப்பா கதையில் எந்த இடத்தில் தட்டுவது?

பையன் கிளம்புகிற அன்று ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று கேட்டேன். “அவன் கேட்டாம்லா. புதுசா பட்டாளம் போறவன்ட்ட பொய் சொல்லப்பிடாது” என்றார்.

என் போனில் வரைபடம் காட்டினேன். திருநெல்வேலி என்று அடித்ததும் முதலில் நம் ஜங்ஷன்தான் வந்தது. கடலைத் தாண்டி விரலால் நகர்த்தி அந்தத் திருநெல்வேலியைக் கொண்டுவந்து பெரிதாக்கினேன். பல்கலைக்கழகத்தை அவர் பார்க்கவில்லை. சந்தை எங்கே என்று தேடினார். காய்கறிக் கடைகளின் படம் ஒன்று வந்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்குலை, நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். அதையே வைத்துக்கொண்டிருந்தார். விரல் பட்டுப் படம் கடலுக்குள் ஓடிவிட்டது. மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். சர்வர் வந்துவிட்டது. இந்தத் தடவை இடது கை மோதிர விரலைக் கருவி ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. மீதி விவரங்களை அவள் கேட்டுக் கேட்டு அடித்தாள். பேர், பிறந்த தேதி, போன் நம்பர்.

“மாவட்டம் தாத்தா?”

“திருநெல்வேலி” என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தமிழ்நாடு” என்று சேர்த்துக்கொண்டார்.

“அது எங்களுக்குத் தெரியாதா தாத்தா?” என்று அந்தப் பெண் சிரித்தாள்.